ஆடி முடித்தவர்களின் வரிசை

பத்தாவது ஜெர்ரி வெஸ்ட், அதில் அண்ணனுக்குக் கடைசிவரை சந்தேகமே இருந்ததில்லை என்று பெர்னதெத் நினைத்தாள். அவள் அப்படி நினைத்த நேரத்தில் வரிசையின் முதல் பையன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்தான். தஸ்நேவிஸ் மாஸ்டர் அவனுடைய நடுவிரல் நுனியில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார், அந்தப் பக்கம் நடந்துபோய் இன்னொரு கோடு கிழித்தார், நாடாவை இழுத்துப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார். "நூத்தி இருவத்தாறு. உயரமும் அதேதான். அளந்து செஞ்ச புள்ளைலே நீ, போ." பங்குக் கோயிலின் பின்பக்கத்துச் சுவர் அது. மாலை நாலரை மணி, மழை விட்டு அரைமணி நேரம் ஆகியிருந்தது, துறைமுகத்துப் பக்கமிருந்து உப்புக் காற்று ஈரத்தோடு வந்தது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பாஸ்கட்பால் டீம் எடுக்கிறார்கள். பந்தைக் கையில் கொடுக்கும் முன்னால் மாஸ்டர் உயரத்தையும் கைநீளத்தையும் அளப்பார், முப்பது வருடமாக அப்படித்தான். பெர்னதெத்தின் மகள் ஜோவிட்டா பதினொன்றாவதாக நிற்கிறாள், ஏழு வயசு, வகுப்பிலேயே உயரம், தடித்த கண்ணாடி மூக்கின் பாதிவரை வழுக்கியிருக்கிறது. அவளுக்கு முன்னால் பத்துப் பேர். பத்து என்றதும் மனசு தானாகவே வரிசையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது, மற்றப் பெண்கள் பயம் வந்தால் அருள்நிறை மரியே சொல்வதில்லையா, அந்த மாதிரி. கான்வென்ட் சிஸ்டர்மார் கையில் கொடுத்த ஜெபமாலையிலும் ஒரு கட்டுக்குப் பத்து மணிதான். ஆனால் பெர்னதெத்தின் விரல்கள் உருட்டுவது வேறு பத்தை. உலகத்திலேயே தலைசிறந்த பத்து பாஸ்கட்பால் ஆட்டக்காரர்கள், சேவியோ அண்ணன் போட்ட வரிசை, நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியது, பேனாவால் எழுதவே மாட்டான், நாளைக்கு மனசு மாறலாம்ட்டி என்பான். நாளைக்கு.

ஜெர்ரி வெஸ்ட் ஒன்பது தடவை இறுதித் தொடருக்குப் போய் எட்டுத் தடவை தோற்றவர். ஒரு வருடம் தோற்ற பக்கத்தில் நின்றவருக்கே தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பரிசைக் கொடுத்தார்கள். அதைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்க எப்படி இருந்திருக்கும் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே அண்ணன் கேட்பான், தோத்தவன் ஒருத்தனாவது உள்ள இருக்கணும்ட்டி, இல்லாட்டி அது வரிசையில்ல, விளம்பரம். ஒன்பதாவது ஹக்கீம் ஒலாஜுவான், நைஜீரியாவில் கால்பந்துக்கு கோல் காத்துக்கொண்டிருந்தவர், நம்மளை மாதிரி பிந்தி வந்தவன் என்று அண்ணனுக்குத் தனிப் பாசம். எட்டாவது ஆஸ்கர் ராபர்ட்சன். ஏழாவது ஷகீல் ஓ நீல். இரண்டாவது பையனை மாஸ்டர் அளந்துவிட்டார், கை கட்டை என்று சொல்லியிருக்க வேண்டும், அவன் அம்மா, "ஏன் மாஸ்டர், எம்புள்ள கையென்ன கரண்டிக் காம்பா நீளமா இருக்க? மீன் குழம்பு வச்சா தட்டுலேர்ந்து வாய்க்கு எட்டுது, அது போதும்" என்று எல்லாருக்கும் கேட்கிறாற்போலச் சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள், டென்சில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். டென்சில், அவளுடைய புருஷன், துறைமுகத்தில் கப்பல் சரக்குக்குக் காகிதம் எழுதுகிற ஆபீசில் வேலை, இன்றைக்கு இதற்காகவே பெர்மிஷன் போட்டுவிட்டு வந்திருக்கிறான். "நான் பந்தத் தூக்குனா சந்தையில பூசணிக்கா தூக்குன மாதிரி இருக்கும். எம்மொவளுக்கு மாமன் கை வந்திருக்கும்னு பாக்கேன். என்னட்டி, வந்திருக்கும்லா?" என்று அவள் காதருகே குனிந்து கேட்டான். வந்திருக்கும் என்று அவள் தலையசைத்தாள். வந்திருக்கும். அதைத்தான் எட்டு வருடமாக வராதே வராதே என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள், ஏழு வருடம் பிள்ளை முகத்தைப் பார்த்து, அதற்கு முந்தின ஒரு வருடம் வயிற்றைப் பார்த்து.

மூன்றாவது பிள்ளையை நிறுத்தி வைத்துவிட்டு மாஸ்டர் மறுபடியும் மைதானத்துக்குள் போனார். ரிங்குக்குக் கீழே ஒரு இடம் இன்னும் கறுத்துத் தெரிந்தது, அவர் கண்ணுக்கு அது தப்பாது. கிழிந்த வேட்டித் துணியை விரித்து முழங்கால் போட்டு உட்கார்ந்து அந்த இடத்தைத் துடைத்தார், துடைத்துவிட்டு உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், உள்ளங்கை போதாது என்பதுபோலக் குனிந்து கன்னத்தையே சிமென்ட் தரையில் வைத்துப் பார்த்தார். விசிலும் சிலுவையும் ஒரே கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார், அது தரையில் இழுபட்டது. அறுபத்தெட்டு வயசு இருக்கும், மூட்டுவலிக்காரர். "மாஸ்டர் தரைக்கு முத்தம் குடுக்காரு" என்று ஒரு பிள்ளை சொல்ல வரிசை முழுக்கக் கிளுகிளுத்தது. இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை இது, தூறல் போட்டால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது, துடைத்துக் காய்ந்து கன்னம் வைத்துப் பார்த்த பிறகுதான் பந்து. ஏன் என்று கேட்டால், ஒரு பையன் இங்கே வழுக்கி விழுந்து மண்டையடிபட்டுச் செத்தானே, அவர் சொந்தக் கையால் வளர்த்த பையன், அதிலிருந்து மாஸ்டர் இப்படி என்பார்கள். அந்தப் பையன் பெர்னதெத்தின் அண்ணன். அவன் வழுக்கி விழவில்லை. அது தெரிந்தவர்கள் மூன்று பேர், அவள், அம்மா, அப்பா. அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது, அம்மா பேசுவதே இல்லை, ஜெபமாலைக்கு வாயசைக்கிறாள், அவ்வளவுதான். அப்படியென்றால் ஒருத்திதான். ஊரில் ஒரே ஒருத்தி வாயைத் திறந்தால் அந்தக் கிழவர் முழங்காலைத் தரையிலிருந்து எடுத்துவிடலாம். பதினோரு வருடமாக அந்த ஒருத்தி திறக்கவில்லை, அவர் துடைப்பதைப் பார்த்துக்கொண்டு மெய்ன் ரோட்டில் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள்.

ஆறாவது லாரி பேர்ட். முதுகு போனபிறகு பெஞ்சில் உட்கார முடியாமல் கோட்டுக்கு வெளியே தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஆட்டம் பார்த்தவர், அந்தப் படத்தை அண்ணன் வெட்டி ஒட்டியிருந்தான். தரையில் படுத்திருப்பது. அண்ணனையும் படுத்தவாறுதான் பார்த்தார்கள், குப்புற இல்லை, மல்லாக்க. ஜூலை மாதம், விடியற்காலை, முந்தின நாள் மழை பெய்திருந்தது. மாஸ்டர்தான் மைதானத்துக் கதவுச் சாவியை அவன் கையில் கொடுத்திருந்தார், தினம் கோட்டுல நின்னு நூறு ஃப்ரீ த்ரோ போட்டுட்டுத்தான் காலேஜுக்குப் போகணும், ஷகீல் ஓ நீல் மாதிரி அதுல சொதப்பப்பிடாது என்று சொல்லி. எத்தனையாவது பந்தில் என்று யாருக்கும் தெரியாது. கோயிலுக்கு முதல் பூசைக்கு வந்தவர்கள் பார்த்தபோது பந்து வேலியோரம் போய் நின்றிருந்தது, அவன் கோட்டின் மேல் கிடந்தான், பின்மண்டையில் ரத்தம் கொஞ்சம், கொஞ்சம்தான், ஒரு மடக்கு காப்பி கொட்டின அளவு. இருபத்தொரு வயசு. ஆறடி மூன்றங்குலம். விரிந்து கிடந்த இரண்டு கைகளும் ஃப்ரீ த்ரோக் கோட்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் எட்டப் பார்த்தன என்று யாரோ சொன்னார்கள், எதற்காகச் சொன்னார்களோ, அவளுக்கு அப்போது பதினேழு, அந்தச் சொல் காதில் நுழைந்து அப்படியே தங்கிவிட்டது.

அந்தக் கைகளுக்குத்தானே அவர்கள் திருவிழா கொண்டாடினார்கள். சேவியோவுக்குப் பதிமூன்று வயதில் இதே மாஸ்டர் நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்தார், நிலைப்படியில் அவனை நிறுத்தி அளந்தார், இன்னொரு தடவை அளந்தார், உயரத்தைவிடக் கை பன்னிரண்டு சென்டிமீட்டர் கூட. "இது கடவுள் குடுத்தது, பாத்துக்கிடுங்க. உயரத்தை சோறு போட்டு வளக்கலாம், இதை வளக்க முடியாது" என்றார். சாயங்காலமே அரைக்கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். அப்பா அந்த எண்ணை நிலைப்படியில் ஆணியால் கீறி வைத்தார். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள், ஊர்க்கண் பட்டுவிடக் கூடாதே. அவள், பெர்னதெத், தன் பங்கு மக்ரூனை நாக்கில் வைத்துக் கரைய விட்டுக்கொண்டே அண்ணனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள், எவ்வளவு நீளம், எவ்வளவு மெலிசு. நோயின் அடையாளத்துக்குத் திருஷ்டி கழித்த வீடு இந்த உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். இல்லை, இருக்காது. நீளக் கையைத் தேடி அலைகிற ஊர்கள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு வீடு இருக்கும், மக்ரூனுக்குப் பதில் வேறு ஏதாவது தின்றிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் அண்ணன் வரிசையில் ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் கைநீளம் எழுத ஆரம்பித்தான், எங்கிருந்து எடுத்த எண்களோ, எத்தனை நிஜமோ, கடைசியில் அடிக்கோடு போட்டுத் தன் பேரையும் தன் நீளத்தையும். பேருக்கு முன்னால் மட்டும் எண் இருக்காது. "ஆடிட்டு இருக்கவனுக்கு எடம் குடுக்கப்பிடாதுட்டி. ஆடி முடிச்சவனுக்குத்தான் வரிசை" என்பான். லெப்ரான் ஜேம்ஸை ஏன் சேர்க்கவில்லை என்று அவள் சண்டை பிடித்தால் அதே பதில்தான், அவன் இன்னும் முடிக்கலேல்லா. அண்ணன் போய்ப் பத்து வருடம் ஆகப்போகிற சமயத்தில் ஒரு காலையில், இட்லித் தட்டு வெந்துகொண்டிருந்தபோது, லெப்ரான், அண்ணன் வரிசையில் இரண்டாவதான கரீமின் முப்பத்தெட்டாயிரத்து முந்நூற்று எண்பத்தேழு புள்ளியைத் தாண்டியதை அவள் போனில் பார்த்தாள். அந்த வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத செய்தி. பீரோவில் கல்யாணச் சேலைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்தாள், பென்சிலை எடுத்தாள், எழுதவில்லை, இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறாரே, வைத்துவிட்டாள். கோபி பிரயன்ட்டை எழுதலாம், அவர் முடித்தவர், வரிசையில் இடம் உண்டு. ஆனால் அவர் போன ஹெலிகாப்டர் விழுந்த செய்தி வந்த காலையில் ஜோவிட்டாவுக்கு மூன்று வயசு, மடியில் கிடந்தது, பதிமூன்று வயது மகளும் கூடவே போய்விட்டாள் என்று படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். லப் டப். லப் டப். அது சரியாகக் கேட்கிறதா தப்பாகக் கேட்கிறதா என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

"ஏ புள்ள, எங்க ஓடுத?" நாலாவது நின்ற பெண்குழந்தை ஒன்றுக்கு வருகிறதென்று ஓடிவிட்டது, அதன் பின்னாலேயே இன்னொன்றும். வரிசை கலைந்து முன்னே நகர்ந்தது, எண் குழம்பியது, இப்போது ஜோவிட்டாவுக்கு முன்னால் ஐந்து பேரா ஆறு பேரா. வில்ட் சேம்பர்லின் ஐந்தாவது. ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளி, நூறு என்று எழுதின தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு படம். அவரும் இதயத்தால்தான் போனார் என்று எங்கோ படித்து அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாள், அவருக்கு அறுபத்து மூன்று வயசு, அது வேறு, அது வேறு என்று சொல்லிக்கொண்டே. எல்லாவற்றிலும் அதையே தேடுகிறவளாக ஆகிவிட்டாள். பஸ்ஸில் யாராவது நீளக் கையை நீட்டிக் கம்பியைப் பிடித்தால் எழுந்து போய், ஐயா நீங்கள் போய் நெஞ்சை ஒரு படம் எடுத்துவிடுங்கள் என்று சொல்லத் தோன்றும். அண்ணனின் உடம்பைப் பரிசோதித்த பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்னால் ஒரு குழாய் வரைந்தார். இதயத்திலிருந்து புறப்படுகிற பெரிய ரத்தக்குழாய், அதன் சுவர் உங்க பையனுக்குப் பிறவியிலேயே நைந்த துணி, இழுபட்டு இழுபட்டு அன்றைக்குக் கிழிந்துவிட்டது, விழுந்ததால் சாகவில்லை, செத்ததால் விழுந்தான். கீழே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு பெயரை எழுதினார். அப்பா கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார், நீ படி என்று அவளிடம் நீட்டினார். கான்வென்ட் உச்சரிப்பில், எழுத்துப் பிசகாமல், அவள்தான் அதை முதலில் வாயால் சொன்னாள். மார்ஃபான். "கை கால் நீளமா, விரல் நீளமா, கண்ணுக்குப் பவர் ஜாஸ்தியா வீட்ல வேற யாராவது இருக்காங்களா? ரத்த உறவு எல்லாரும் நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பாத்துரணும். முன்னாடியே தெரிஞ்சா மாத்திரை இருக்கு, ஆபரேஷன் இருக்கு. தெரியாம இருக்கறதுதான் ஆபத்து" என்றார் டாக்டரம்மா. அவள் கையைத் தாவணிக்குள் இழுத்துக்கொண்டாள். ஆர்மோனிய விரல் என்று சிஸ்டர் கொன்சாகா புகழ்ந்த விரல்கள். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்று, "ஒனக்கு வரன் பாக்கணும்லா. பரம்பரை வியாதின்னு ஒரு வார்த்தை வெளிய போனா ஒருத்தன் படியேற மாட்டான். தரை ஈரமா இருந்துது, வழுக்கிட்டான். அவ்வளவுதான்" என்றார். அந்தச் சீட்டை அடுப்பில் போட்டார். அது எரிந்து சுருண்டது. அம்மா கிளறிக்கொண்டிருந்த அகப்பையை நிறுத்தவே இல்லை.

மாஸ்டரிடமும் அதையேதான் சொன்னார்கள். அவர் அழவில்லை, தரை ஈரம் என்று திருப்பிச் சொன்னார், சாவி நாந்தான குடுத்தேன் என்று சொன்னார். பிறகு டென்சில் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, அண்ணன் எப்படிப் போனான் என்று மாமி கேட்க, அப்பா கண்ணிமைக்காமல் அதையே சொன்னார், அவள் தட்டில் காப்பி ஏந்திக்கொண்டு நின்றாள். கல்யாணம் ஆன முதல் வருடம் சொல்லியிருக்கலாம். வயிற்றில் பிள்ளை வந்தபோது சொல்லியிருக்கலாம், பிரசவத்தில் தன் குழாயே கிழியலாம் என்று பிறகுதான் படித்தாள், வலி வந்தபோது தெரியாது, தெரியாமலே பிழைத்தாள். ஒவ்வொரு வருடமும் சொல்வதற்கு ஏதுவான ஒரு நாள் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனது. ஏங்க, ஒண்ணு சொல்லணும் என்று தொடங்குவாள், அவன் "சொல்லு" என்று போனைக் கீழே வைப்பான், அந்த நல்ல முகத்தைப் பார்த்ததும், கேஸ் தீந்துபோச்சு என்பாள். ரெண்டாவது எப்போ, ஒத்தப் புள்ள ஊருக்காகாது என்று மாமி கேட்கும்போதெல்லாம் சிரிப்பாள், கருத்தடை மாத்திரை அட்டை ஜெபமாலைப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. போன வாரம் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது, கட்டைவிரலை உள்ள வச்சுக் கைய மூடு பாப்போம் என்றாள், விளையாட்டுப்போல, நோய்க்கு அது ஒரு சோதனை என்று போனில் படித்திருந்தாள். ஜோவிட்டா மூடினாள். சுண்டுவிரலைத் தாண்டி அந்தப் பக்கம் கட்டைவிரல் நகம் முளைகட்டின பயறு மாதிரி எட்டிப் பார்த்தது. "எனக்கும் அம்மாக்கும் மட்டுந்தான் இது வரும்" என்று பிள்ளை பெருமையாகச் சொன்னது. சோப்புத் தண்ணீரில் அந்த நெஞ்சு, நடுவில் லேசாகக் குழிந்து, ஒரு கை நீர் தேங்குகிற அளவு. மறுநாள் யூனிஃபார்ம் எடுக்கப் போகிறோம் என்று பொய் சொல்லி எக்கோ எடுக்கிற லேப் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கவுன்டரில் இருந்த பெண் படிவத்தை வைத்துக்கொண்டு நிமிராமலே, "குடும்பத்துல யாருக்காவது ஹார்ட் பிரச்சனை? புருசன் நம்பர் சொல்லுங்க, ரிசல்ட் அவங்களுக்கும் மெசேஜ் போகும்" என்றாள். பெர்னதெத் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். யூனிஃபார்மும் எடுக்கவில்லை, இரண்டு ரோஸ்மில்க் குடித்துவிட்டு வந்தார்கள், வாய் சிவந்திருந்தது.

நாலாவது மேஜிக் ஜான்சன். இந்த இடத்தில் எப்போதும் தடுக்கும். மூன்றாவதுக்கு அவள் சண்டை போட்டதுண்டு, பதினோரு கோப்பை வாங்கின பில் ரஸ்ஸலை ஏன் மூன்றில் தள்ளினாய், கோப்பைக்கு ஒன்றாகப் பத்து விரலுக்கும் மோதிரம் போட்டு மிச்சம் ஒன்று இருக்கிறதே என்று. இரண்டாவது கரீம், முதலாவது ஜோர்டன், அதெல்லாம் வழவழவென்று ஓடிவிடும். மேஜிக்கிடம் மட்டும் நிற்கும். சிரித்த முகம், மைக்குக்கு முன்னால் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு நின்று, எல்லாக் கேமராவும் பார்த்துக்கொண்டிருக்க, தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று அவரே சொன்னார். தொண்ணூற்றொன்றில். சொன்னால் பக்கத்தில் உட்காரக்கூட யோசித்த காலம். மனைவி வயிற்றில் பிள்ளை. ஊர் உலகம் அன்றைக்கே அவரை எடுத்து அடக்கம் பண்ணிவிட்டது, ஆடி முடித்தவர் கணக்கில் சேர்த்துவிட்டது, அவரோ முப்பது வருடம் தாண்டியும் உயிரோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் அதற்கெல்லாம் மார்க் போடவில்லை, பந்தைப் பாஸ் கொடுப்பதற்குத்தான் போட்டான், பாக்காமயே குடுப்பான்ட்டி, அவன் கைக்குக் கண்ணு உண்டு. நோயின் பேரை வாயால் சொல்வது ஆட்டத்தில் சேராதா அண்ணே? சொல்லாமல் இருந்தவர்களை எந்த வரிசையில் வைப்பாய்? அப்பா எத்தனையாவது, நான் எத்தனையாவது? முன்னால் இரண்டு பிள்ளைகள். ஒன்று. மழை மறுபடி வரும்போல இருட்டியது. வியர்வையில் கைக்குட்டை நனைந்து பந்தாகச் சுருண்டிருந்தது, தன் கட்டைவிரல் முஷ்டிக்குள் மடங்கி அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் பிரித்தாள், பிரித்தது தானாக மறுபடி மடங்கியது. இப்போது போய்ப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்துவிடலாம், காய்ச்சல் அடிக்கிறது என்று சொல்லலாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லலாம், அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும், பிள்ளை வளரும், கை அதைவிட வேகமாக வளரும், ஒருநாள் ஸ்கூல் வராந்தாவில் ஓடும்போது, மாடிப்படி ஏறும்போது, பந்தே இல்லாமல். பந்தா கிழித்தது? பந்தில்லை. தரையுமில்லை.

"நம்ம புள்ள, நம்ம புள்ள" என்று டென்சில் அவள் தோளை இடித்தான், போனை எடுத்து வீடியோ பிடித்தான். ஜோவிட்டா சுவரோரம் போய் நின்றாள். மாஸ்டர் அவள் தலையில் அட்டையை வைத்துக் கோடு போட்டார். "உயரம் நூத்தி இருவத்தி நாலு. இப்பக் கைய விரி தாயி. நல்லா விரி. பறக்கப் போற மாதிரி." பிள்ளை விரித்தது. மாஸ்டர் ஒரு கோடு போட்டுவிட்டு அந்தப் பக்கம் நடந்தார், நின்றார், இன்னும் ஒரு எட்டு நடந்தார். நாடாவை இழுத்தார். கண்ணைச் சுருக்கினார். நாடாவை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து பிடித்தார். "நூத்தி முப்பத்தி மூணு. ஒம்பது சென்டிமீட்டர் கூட." பிறகு யாரிடம் என்றில்லாமல், "சேவியோ கை. அப்படியே சேவியோ கை. பதினோரு வருசத்துல இந்த நாடா இப்படி ஓடலய்யா." டென்சில் விசிலடித்தான், மீன்குழம்புக்காரி, "அடியாத்தி, இது கையா கப்பக் கயிறா" என்றாள், பிள்ளைகள் கை தட்டின. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டென்சிலிடம் வந்தார், அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்க தரைய நெனச்சுப் பயப்படாதீங்க. மச்சான அந்தத் தரையில பறிகுடுத்தவுக, பயம் இருக்கும். ஒரு சொட்டு ஈரம் இருந்தா நான் இவள எறக்க மாட்டேன். என் கன்னத்த வச்சுப் பாத்துட்டுத்தான் எறக்குவேன். அன்னிக்கு சாவிய நான் குடுத்திருக்கப்பிடாது. தரை ஈரமா இருக்கும்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். அந்த ஒரு வார்த்தைய நான் சொல்லல." "விடுங்க மாஸ்டர், நீங்க என்ன பண்ணுவீங்க. விதி" என்றான் டென்சில். அவன் கண்ணும் கலங்கியிருந்தது, பார்த்தே இராத மச்சானுக்காக.

ஜோர்டனை எடுத்து இரண்டில் வைத்தாள். கரீம் மூன்று, ரஸ்ஸல் நாலு. மூன்று பேரும் ஒருபடி இறங்கி நின்றார்கள், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. முதலிடம் காலியாக இருந்தது, மைக்குக்கு முன்னால் கோட்டும் டையுமாகச் சிரித்த முகம் ஒன்று வந்து அதில் நின்றது. பென்சிலால்தான் அண்ணே, கோபப்படாதே, நாளைக்கு மனசு மாறினால் அழித்துக்கொள். மாஸ்டர் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு மறுபடி மைதானத்துக்குள் போயிருந்தார், அவர் பின்னாலேயே அவளும் காலெடுத்து வைத்தாள். செருப்போடு. செருப்போடு அந்தத் தரையில் யாரும் ஏறக்கூடாது, முப்பது வருடச் சட்டம், மாஸ்டர் திரும்பிப் பார்த்து, "தாயி, செருப்பு" என்றார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது, மக்ரூன் தின்றது மாதிரி. "மாஸ்டர்" என்றாள். இன்னொரு தடவை சொன்னாள். "மாஸ்டர், அன்னைக்குத் தரை வழுக்கல."

அவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கம் வந்தார். "தரை ஈரமா இருந்துதே தாயி. நான் வந்து பாத்தேனே." "ஈரமா இருந்துது. அண்ணன் வழுக்கல. நெஞ்சுக்குள்ள பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சு போச்சு. அதுக்கப்புறந்தான் விழுந்தான். டாக்டரம்மா எழுதிக் குடுத்தாவ, நாந்தான் படிச்சேன். அப்பா அடுப்புல போட்டுட்டாவ." இனி அந்தப் பேர். ஒரே ஒரு தடவை வாயால் சொன்ன பேர். "மார்ஃபான்னு பேரு. பொறப்புலயே வாரது. கை நீளம், வெரல் நீளம், அதான் அடையாளம். எனக்கும் இருக்கும். இவளுக்கும் இருக்கும். நீங்க அளந்தீங்கல்லா, அதான்." டென்சில் இன்னும் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான், வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, முகத்தில் சிரிப்பு போக மறந்து அங்கேயே கிடந்தது. "ஏட்டி, என்ன சொல்லுத?" என்றான். பிறகு மெதுவாக, "எட்டு வருசமா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். அந்தக் கேள்வி வீட்டுக்குப் போன பிறகும் இருக்கும், இனி எல்லா நாளும் இருக்கும், மாமி இருப்பாள், லேப் படிவம் இருக்கும், அவனுடைய போனுக்கு மெசேஜ் வரும். மாஸ்டர் குனிந்தார். விழுகிறாரோ என்று நினைத்தாள், இல்லை, முழங்கால் போட்டார், துணியைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் வெறும் உள்ளங்கையைத் தரையில் வைத்தார், ஈரம் பார்க்கிறவர் மாதிரி இல்லை, அடித்துவிட்ட பிள்ளையின் முதுகில் கை வைக்கிறவர் மாதிரி. ஒரு தூறல் விழுந்தது, பிறகு இன்னொன்று. சுவரோரம் இரண்டு சாக்பீஸ் கோட்டுக்கும் நடுவில், யாரும் போதும் என்று சொல்லாததால், ஜோவிட்டா இன்னும் கைகளை விரித்தபடியே நின்றாள், கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்திருந்தது, அதைத் தள்ளிவிடக்கூடக் கையை எடுக்கவில்லை. "அம்மா" என்றது பிள்ளை, "கை வலிக்கி. எறக்கட்டா?"